கட்டணம் கட்டும் முன் பிள்ளையோடு உட்காருங்கள்

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்று ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன். "பையன் படிப்பில் பின்தங்கிவிட்டான். பிள்ளை கணக்கில் திணறுகிறாள். கோச்சிங்கில் சேர்க்கலாமா? கட்டுகிற காசுக்குப் பலன் உண்டா?" லெப்பைக்குடிகாட்டிலும் வி.களத்தூரிலும் கேட்கிற கேள்வி இதுதான். அரியலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் கேட்கிற கேள்வியும் இதுதான். சவூதியிலும் துபாயிலும் வேலை பார்க்கும் அத்தாமார்கள் போனில் கேட்பதும் இதையேதான்.

"ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. எந்தப் பிள்ளைக்கு, எதற்காக, எவ்வளவு செலவில் என்று பிரித்துப் பார்த்தால் பதில் தானாக வரும்.

முதலில் நம் ஊர் நிலையைப் பார்ப்போம். 2023-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் பெரம்பலூர். தேர்ச்சி 97.67 சதவீதம். 2024-ல் அதே பத்தாம் வகுப்பில் அரியலூர் முதலிடம், 97.31 சதவீதம். 2025-ல் பிளஸ் டூவில் அரியலூர் முதலிடம், 98.82 சதவீதம். ஒரு காலத்தில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று சொல்லப்பட்டவை இவை. இந்த ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் இந்தப் பெருமைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தேறுகிற ஊரில் மீதி இரண்டு பேரின் நிலையை யோசித்துப் பாருங்கள். தெருவே இனிப்பு கொடுக்கும்போது அந்த இரண்டு வீடுகளில் கதவு சாத்தியிருக்கும். "எல்லாரும் பாஸ், நீ மட்டும் ஏன்?" என்ற கேள்வி அந்தப் பிள்ளையின் மேல் விழும். அந்த வெட்கத்தில்தான் பெற்றோர் அவசரப்படுகிறார்கள். அப்படி அவசரப்படுகிறவர்களை நம்பித்தான் பல விளம்பரங்கள் எழுதப்படுகின்றன.

அனிதாவின் பெயரைச் சொல்லாமல் இந்த மண்ணில் கோச்சிங் பற்றிப் பேச முடியாது. அரியலூர் மாவட்டம் குழுமூரில் கூலித் தொழிலாளியின் மகள். 2017-ல் பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தார். நீட் தேர்வில் கிடைத்தது 86. நீட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்த ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி அந்தப் பிள்ளையை இழந்தோம். இன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்குக்கு அவருடைய பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பிள்ளையின் முடிவுக்கு இதுதான் காரணம் என்று ஒற்றைக் காரணத்தைச் சுட்டிக்காட்ட நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். படிப்பு வராத பிள்ளையல்ல அவர். அவர் படித்த பாடமும், எழுத வேண்டிவந்த தேர்வும் வேறு வேறாக இருந்தன.

நீட் பற்றி ஆராய நீதிபதி ஏ.கே.ராஜன் தலைமையில் தமிழக அரசு அமைத்த குழு 2021-ல் அறிக்கை கொடுத்தது. 2016-17-ல் மருத்துவ இடம் பெற்றவர்களில் இரண்டாம் முறையோ அதற்கு மேலோ முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020-21-ல் அது 71.42 சதவீதம் ஆகிவிட்டது என்று அந்தக் குழு சொன்னது. அதாவது பிளஸ் டூ முடித்த பிறகும் ஓராண்டு, ஈராண்டு வீட்டிலிருந்து, பணம் கட்டிப் பயிற்சி எடுக்க முடிந்தவர்களுக்கே கதவு அதிகமாகத் திறந்திருக்கிறது. ஆகவே "கோச்சிங்கே வீண்" என்று உங்களிடம் சொன்னால் அது உண்மையாகாது. சில தேர்வுகளுக்குப் பயிற்சி தேவைப்படத்தான் செய்கிறது.

அப்படியானால் கேள்வி இதுதான்: உங்கள் வீட்டில் திணறுகிற பிள்ளைக்கு அந்தப் பயிற்சி பொருந்துமா?

பிள்ளை ஏன் பின்தங்குகிறது?

காய்ச்சல் என்று போனால் டாக்டர் முதலில் என்ன காய்ச்சல் என்று பார்க்கிறார். மார்க் குறைவதும் காய்ச்சல் மாதிரிதான். காரணம் பலவாக இருக்கும்.

முதல் காரணம், அடித்தளம் இல்லாதது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் வராது, பின்னம் புரியாது, ஆங்கிலப் பத்தியை எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். இந்தப் பிள்ளையை நாற்பது பேர் உட்காரும் கோச்சிங்கில் சேர்த்தால் அங்கே முக்கோணவியலை ஆரம்பிப்பார்கள். பள்ளியில் புரியாதது அங்கேயும் புரியாது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று தினமும் இரண்டு தடவை தோற்றுவிட்டு வீட்டுக்கு வரும். இதற்கு மருந்து, ஐந்தாம் வகுப்புக் கணக்கிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஒரு ஆள்.

இரண்டாவது, ஒரே ஒரு பாடம் உதைப்பது. மற்ற எல்லாம் சரி, இயற்பியல் மட்டும் வரவில்லை. இந்தப் பிள்ளைக்கு நல்ல டியூஷன் நிச்சயம் பலன் தரும். அந்த ஒரு பாடத்துக்கு, மூன்று மாதத்துக்குச் சேர்த்தால் போதும். ஐந்து பாடத்துக்கும் சேர்த்து ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, உடம்பு. கரும்பலகை தெரியாத பிள்ளை தனக்குப் பார்வை மங்கல் என்று அறியாமலே வருடக்கணக்கில் கடைசி பெஞ்சில் இருக்கும். அரசு மருத்துவமனையில் கண் பரிசோதனை இலவசம். சில பிள்ளைகளுக்கு எழுத்துகள் மாறி மாறித் தெரியும். வாயால் கேட்டால் அழகாகப் பதில் சொல்லும், எழுதச் சொன்னால் தடுமாறும். இது கற்றல் குறைபாடாக இருக்கலாம். சோம்பல் என்று அடித்தால் சரியாகாது. மருத்துவச் சான்று பெற்றுத் தலைமை ஆசிரியர் மூலம் விண்ணப்பித்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. எந்தக் கோச்சிங் சென்டரும் இதை உங்களுக்குச் சொல்லாது.

நான்காவது, மனசு. அத்தா வெளிநாட்டில், வருடத்துக்கு ஒரு மாதம்தான் முகம் பார்க்க முடிகிறது. வீட்டில் சண்டை. வகுப்பில் யாரோ கேலி செய்கிறார்கள். நன்னா மவுத்தான துக்கம் இன்னும் தீரவில்லை. இரவு ஒரு மணி வரை போன், காலையில் கண் எரிச்சல். இவற்றில் எதற்கும் கூடுதல் வகுப்பு மருந்தாகாது. பிள்ளை முன்பு போல் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாரோடும் பேசவில்லை, "நான் இருந்து என்ன பயன்" என்கிற மாதிரி பேசுகிறது என்றால் அன்றே உட்கார்ந்து கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், 104-லும், பிள்ளைகளுக்கான 1098-லும் பேசலாம். கட்டணம் இல்லை. ஆலோசனை கேட்பதில் மானக்கேடு எதுவும் இல்லை.

ஐந்தாவது, விருப்பமில்லாத குரூப். அக்கம்பக்கத்தில் எல்லாரும் பயாலஜி எடுத்தார்கள் என்று நாமும் எடுக்க வைத்தோம். பிள்ளைக்குக் கை வேலையில் ஆசை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஐந்தில் எது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஆங்கிலம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நான்கு வகுத்தல், நான்கு பின்னம் கொடுங்கள். உங்களுக்குப் படிப்பு இல்லையென்றால் படித்த அண்ணன், சாச்சா யாரையாவது உட்கார வையுங்கள். பிறகு பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரிடம், "என் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது?" என்று கேளுங்கள். மார்க் கார்டில் கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள். கடைசியாகப் பிள்ளையிடமே கேளுங்கள்: "உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருங்கள். அதுதான் கஷ்டம்.

விளம்பரத்தை எப்படிப் படிப்பது?

"எங்கள் மையத்தில் 150 பேர் நீட்டில் தகுதி" என்று ஒரு பேனர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகுதி என்றால் என்ன? 2025 நீட் தேர்வில் 720-க்கு 113 எடுத்த பிற்படுத்தப்பட்ட பிரிவு மாணவரும் தகுதி பெற்றவர்தான். அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கும் மதிப்பெண் அதைவிட மிகவும் மேலே இருக்கிறது. ஆகவே, "தகுதி எத்தனை பேர்?" என்று கேட்காதீர்கள். "அரசுக் கல்லூரியில் இடம் வாங்கியது எத்தனை பேர்? மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? அவர்களில் முதல் முறை எழுதியவர்கள் எத்தனை?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் நல்ல இடம். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். சாதித்த பிள்ளைகள் பெரும்பாலும் சேரும்போதே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். நம் பெரம்பலூரில் தரேஸ் அகமது ஆட்சியராக இருந்த காலத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 'சூப்பர் 30' என்ற பயிற்சி நடந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் மருத்துவக் கல்லூரிக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள். அருமையான முயற்சி. ஆனால் அது திறமையான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பயிற்சி. பேனரில் இருக்கும் படங்களும் அப்படித்தான். முப்பத்தைந்து மார்க்குக்குத் திணறிய பிள்ளைகளை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை அந்த வரிசையில்தான் நிற்கிறது.

சட்டமும் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கு நெறிமுறைகள் வெளியிட்டது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது. ரேங்க் உறுதி, மார்க் உறுதி என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு வைக்கக் கூடாது. முழுக் கட்டணம் கட்டிவிட்டு இடையில் விலகினால், மீதி நாட்களுக்கு உரிய பணத்தைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். அதே ஆண்டு நவம்பரில், பொய் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் விதிகள் வெளியிட்டது. வெற்றி பெற்ற மாணவரின் படத்தை அவருடைய எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. அவர் எந்த வகுப்பில் சேர்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். புகார் சொல்ல 1915. பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இதற்கெல்லாம் ரசீது வேண்டும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டால், மாதாமாதம் கட்டுகிறோம் என்று சொல்லுங்கள். முதல் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

இன்னொரு வகை இருக்கிறது. "இரண்டே நாளில் நினைவாற்றல்", "மூளையைத் தூண்டும் பயிற்சி", "கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கலாம்" என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிற முகாம்கள். கண்ணைக் கட்டினால் யாராலும் படிக்க முடியாது. துணிக்குக் கீழே இருக்கும் இடுக்கு வழியாகத்தான் படிக்கிறார்கள். அங்கே பிள்ளை பெற்றோரிடம் பொய் சொல்லத்தான் கற்றுக்கொள்கிறது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மாதம் 2,000 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதத்துக்கு 20,000. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி என்றால் இன்னும் 3,600. பஸ் செலவு, புத்தகம், மாலை டிபன் சேர்த்தால் 30,000-ஐத் தொடும். பணத்தோடு நேரத்தையும் கணக்கில் சேருங்கள். பள்ளி விட்டு நேராகக் கோச்சிங், வீடு சேர இரவு எட்டரை. பிறகு அந்தப் பிள்ளை தானாக உட்கார்ந்து படிப்பது எப்போது? கேட்டது மனதில் தங்குவது தானாகப் படிக்கும்போதுதான். வீட்டில் படிக்கும் நேரத்தைத் தின்றுவிடுகிற கோச்சிங், மார்க்கைக் கூட்டாமல் குறைத்துவிடும்.

இதற்காக நகையை அடகு வைத்து வட்டிக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு விலக்கப்பட்ட ஒன்றில் காலை வைத்து, அதுவும் நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றுக்காக, வீட்டின் நிம்மதியைக் கொடுக்க வேண்டுமா? அந்தக் கடனின் சுமை பிள்ளையின் தலையிலும் ஏறுகிறது. "உனக்காக உம்மாவின் வளையல் போச்சு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை தேர்வு அறையில் கேள்வித்தாளைப் பார்க்காது, வளையலைத்தான் பார்க்கும்.

கோச்சிங்குக்காக அரசுப் பள்ளியை விட்டு நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் உண்டு. கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரிக்குப் போனால் பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பிளஸ் ஒன்னில் பள்ளியை மாற்றினால் கையிலிருக்கும் இந்த உரிமைகள் போய்விடும். அதோடு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் எல்லாரும் அதில் வருகிறோம். சாதிச் சான்றிதழைக் கடைசி நேரத்தில் தேடாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

காசில்லாமல் கிடைப்பவை

பள்ளியில் நடக்கும் சிறப்பு வகுப்புக்கு அனுப்பாமல் வெளியே பணம் கட்டுகிறோம். முதலில் அதற்கு ஒழுங்காக அனுப்புங்கள். அரசின் மணற்கேணி செயலியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பாடங்கள் காணொளியாக, தமிழிலேயே இருக்கின்றன. கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச நீட் பயிற்சியும் உண்டு. சந்தேகம் இருந்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் கேட்கலாம். பழைய கேள்வித்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பார்ப்பதற்கு இணையான கோச்சிங் கிடையாது. அதற்கு ஆகும் செலவு ஜெராக்ஸ் காசு மட்டும்தான்.

தவறிவிட்டால்கூட வழி மூடவில்லை. பத்துக்கும் பிளஸ் டூவுக்கும் ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் துணைத்தேர்வு வருகிறது. தேறினால் அதே ஆண்டிலேயே மேலே சேரலாம். தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பையன் தவறினால் கோச்சிங், பெண் தவறினால் மாப்பிள்ளை பார்ப்பது என்ற வழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம். அதைவிட, ஒரு பாடத்தில் ஐந்து மார்க் குறைந்ததற்கு ஒரு பிள்ளையின் படிப்பு முழுவதையும் நிறுத்துவது என்ன நியாயம்? காசு குறைவாக இருந்தால் இருவருக்கும் சமமாகக் குறையட்டும்.

குரூப் விஷயம் பிறகு சொல்கிறேன் என்றேன். அரியலூரைச் சுற்றி எத்தனை சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன! பெரம்பலூர் பக்கம் நாரணமங்கலத்தில் டயர் ஆலை இருக்கிறது. இங்கெல்லாம் பிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் தேவை. இரு மாவட்டங்களிலும் அரசு ஐ.டி.ஐ. உண்டு. கீழப்பழுவூரில் அரசு பாலிடெக்னிக் உண்டு. வளைகுடாவில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் கைத்தொழில் சான்றிதழ் இல்லாததால் ஹெல்ப்பர் சம்பளத்தில் பல வருடம் ஓட்டுகிறார்கள். கையில் ஐ.டி.ஐ. சான்றிதழோடு போனவனுக்கு வேறு சம்பளம். அதனால் ஐ.டி.ஐ.-யை "படிப்பு வராதவன் போகிற இடம்" என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

அறக்கட்டளையிடமும் ஜமாஅத்திடமும் ஒரு வேண்டுகோள். பத்துப் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகக் கோச்சிங் கட்டணம் கட்டித் தருவதைவிட, அதே தொகையில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவரையும், கல்லூரியில் படிக்கும் நம் பெண் பிள்ளை ஒருவரையும் அமர்த்தலாம். மஃக்ரிபுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் மதரஸா கட்டிடத்தில் விளக்கு எரியட்டும். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைக் கணக்கும் வாசிப்பும் மட்டும் சொல்லிக்கொடுக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பிறகு, வீட்டுக்குப் பக்கத்திலேயே நடத்தலாம். ஒன்பதாம் வகுப்புக்குள் பின்னம் தெரிந்துவிட்டால், பத்தாம் வகுப்பில் பாதிப் பேருக்குக் கோச்சிங்கே தேவைப்படாது.

ஆகவே, கோச்சிங் பலன் தருமா என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடித்தளம் இருந்து, ஒரு பாடமோ ஒரு குறிப்பிட்ட தேர்வோ தடையாக இருந்து, பிள்ளையே விரும்பிக் கேட்டு, கடனில்லாமல் கட்ட முடிந்தால் சேருங்கள். மூன்று மாதம் கழித்து நோட்டையும் மார்க்கையும் பாருங்கள், முகத்தையும் பாருங்கள். மூன்றில் ஒன்றுகூட மாறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். "கட்டிய காசு வீணாகுமே" என்று மேலும் கட்டாதீர்கள். அடித்தளம் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். மனசு சரியில்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மார்க் வந்தாலும் வராவிட்டாலும் அந்த அமானிதம் அப்படியேதான் இருக்கிறது. முடிவு வருகிற நாளில் பிள்ளை வாசலுக்கு வந்ததும் நாம் சொல்லும் முதல் வார்த்தை "எவ்வளவு?" என்று இருக்க வேண்டாம், "வா, சாப்பிடு" என்று இருக்கட்டும்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்குப் பொறுமையையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.